வெள்ளை நகரம் எரிஞ்சு போச்சு, ராட்டினம் மட்டும் நின்னுச்சு: 1893 சிகாகோ கண்காட்சி விட்டுச் சென்றது என்ன?

பழையபேப்பர்

போன வாரம் பிள்ளைகளை தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். துறை அரங்குகளில் ஈ காக்கை இல்லை. ஒரு அரங்கில் காவலுக்கு இருந்தவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். ராட்டினத்துக்கு மட்டும் வரிசை வளைந்து வளைந்து டெல்லி அப்பளக் கடை வரைக்கும் நின்றது. முக்கால் மணி நேரம் நானும் நின்றேன். அந்த முக்கால் மணி நேரத்தில் யோசித்ததுதான் இந்த இழை.

1893 மே 1 முதல் அக்டோபர் 30 வரை சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி. கொலம்பஸ் அமெரிக்காவில் கால் வைத்து 400 ஆண்டு நிறைந்ததற்கான விழா. 1892-ல் நடந்திருக்க வேண்டும், கட்டி முடியாமல் ஒரு வருடம் தள்ளிப்போனது. மிச்சிகன் ஏரிக்கரையில் ஜாக்சன் பூங்கா என்ற சதுப்பு நிலத்தில் 600 ஏக்கருக்கு மேல். தலைமைக் கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாம். நிலத்தை வாய்க்காலும் தீவுமாக வடிவமைத்தவர் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை அமைத்த ஓல்ம்ஸ்டெட். நடுவில் பெரிய குளம், சுற்றிலும் ரோமானியத் தூண்களோடு அரண்மனை அரண்மனையாகக் கட்டடங்கள், எல்லாம் ஒரே வெள்ளை. 'வெள்ளை நகரம்' என்றே பெயர். ஆனால் சலவைக்கல் கிடையாது. இரும்புச் சட்டத்தின் மேல் பாரிஸ் சாந்தும் சணல் நாரும் குழைத்துப் பூசி, காற்றழுத்தக் குழாயால் வெள்ளையடித்தது. நம்ம ஊர் மாநாட்டுப் பந்தல் முகப்பு மாதிரி, கொஞ்சம் பெரிசு.

பக்கத்தில் மிட்வே என்று ஒரு மைல் நீளத்துக்கு ஒரு பட்டை. அதில் கேளிக்கை. ராட்சத ராட்டினம், கெய்ரோ தெரு, வயிற்று நடனம், ஜாவா கிராமம், ஒட்டகச் சவாரி. பெரிய மனிதர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் கூச்சம்தான். கணக்கில் அது மானிடவியல் துறையின் கீழே வந்தது. படிப்பு என்ற போர்வையில் திருவிழா.

அந்த வெள்ளை அரண்மனைகளின் மையப் பகுதி 1894 ஜூலையில், ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தக் கொந்தளிப்பின்போது எரிந்து போனது. ஒதுக்குப்புறமாக வைத்த மிட்வேயோ உலகம் பூரா பரவிவிட்டது. அமெரிக்காவில் இன்றைக்கும் எந்தத் திருவிழாவிலும் கேளிக்கைப் பகுதிக்கு 'மிட்வே' என்றுதான் பேர்.

என் கட்சி இதுதான்: நடத்தியவர்கள் மார்தட்டிக்கொண்டது எதுவும் நிற்கவில்லை, கூச்சப்பட்டது எல்லாம் நின்றது. மறுப்பவர்கள் வரலாம்.

---

இரும்புவேலை

ராட்டினம்னு ஆரம்பிச்சதால நான் வந்துட்டேனுங்க. நாப்பது வருசம் கட்டுமான இரும்புல கிடந்தவன்.

பேரிஸ்காரங்க 1889 கண்காட்சியில ஈபில் கோபுரம் நிறுத்திட்டாங்க. அதை மிஞ்சற மாதிரி எதாவது வேணும்னு பர்ன்ஹாம் இன்ஜினீயருங்க கூட்டத்துல உசுப்பிவிட்டாரு. பாதிப் பேரு இன்னும் உயரமா ஒரு கோபுரம்னு வந்து நின்னாங்க. பிட்ஸ்பர்க்ல பாலத்துக்கு வர்ற இரும்பைச் சோதிக்கிற தொழில் பண்ணிட்டிருந்த ஜார்ஜ் பெரிஸ் மட்டும் சக்கரம்னாரு. வயசு முப்பத்தி சொச்சம். நிக்காதுன்னு முதல்ல தட்டிக் கழிச்சாங்க.

உயரம் 264 அடி. 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேரு. நிறைஞ்சா 2,160 பேரு அந்தரத்துல. நம்ம பொருட்காட்சி ராட்டினத்துல ஒரு தொட்டிக்கு நாலு பேரு உட்கார்றோம், நினைச்சுப் பாருங்க. அச்சு மட்டும் 45 அடிக்கு மேல நீளம், 33 அங்குல விட்டம், 40 டன்னுக்கு மேல எடை. அந்தக் காலத்துல அவ்வளவு பெரிய ஒரே துண்டு எஃகு வார்த்து அடிச்சதே கிடையாதுன்னு சொல்லுவாங்க.

சூட்சுமம் எங்கன்னா, அது வண்டிச் சக்கரம் இல்லீங்க, சைக்கிள் சக்கரம். மாட்டு வண்டிச் சக்கரத்துல ஆரக்கால் அடியில இருந்து தாங்கும். சைக்கிள்ல போக்ஸ் கம்பி இழுத்துப் பிடிக்கும். பெரிஸ் சக்கரத்துக்கும் மெல்லிசு கம்பிதான் ஆரம். தூரத்துல இருந்து பாத்தவனுக்கு ஆரமே இல்லாம சக்கரம் சுத்தற மாதிரி தெரிஞ்சிருக்குமுங்க. பயந்தவங்க பயந்ததுல தப்பே இல்லை.

திறக்கவே ஜூன் 21 ஆயிடுச்சு, ஏழு வாரம் லேட்டு. டிக்கெட் 50 சென்ட். கண்காட்சிக்குள்ள நுழையற டிக்கெட்டும் அதே 50 சென்ட்தான்! அப்படியும் சுமாரா 14 லட்சம் பேரு ஏறியிருக்காங்க.

---

இரவுவாசகன்

கண்காட்சிக்கு வந்தவர்களை ஓட்டலில் வைத்துக் கொன்றானே ஒரு மருந்துக்கடைக்காரன், அவனைப் பற்றி யாரும் பேசமாட்டீர்களா? 200 கொலை!

---

நூலகப்பூனை

தம்பி, 200 என்பது பத்திரிகை ஊதிய கணக்கு. அந்த மருந்துக்கடைக்காரன் ஹோம்ஸ் கொலைகாரன் என்பதில் சந்தேகமில்லை, 1896-ல் தூக்கில் போட்டார்கள். ஆனால் கண்காட்சிப் பயணிகளை வரிசையாகப் பொறியில் பிடித்தான் என்பதெல்லாம் பிற்பாடு வளர்ந்த கதை. அதற்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள்.

வந்த வேகத்தில் இன்னும் சிலதைத் துடைத்துவிடுகிறேன். "ஜிப் இந்தக் கண்காட்சியில்தான் பிறந்தது" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. ஜட்சன் என்பவர் காலணிக்கான கொக்கிப் பூட்டு ஒன்றைக் காட்டினார், கிட்டத்தட்ட யாரும் வாங்கவில்லை. இன்று நாம் போடும் ஜிப் அதற்கு இருபது வருடம் கழித்து சுண்ட்பேக் செய்தது. ஜோசபின் காக்ரேன் என்ற பெண்ணின் பாத்திரம் கழுவும் இயந்திரம் மட்டும் நிஜம். பரிசும் வாங்கியது, கண்காட்சி உணவகங்களிலேயே ஓடியது.

கூட்டக் கணக்கும் அப்படித்தான். "அமெரிக்காவில் பாதிப் பேர் வந்தார்கள்" என்பார்கள். அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 6.3 கோடி. கண்காட்சி வாசலில் பதிவானது 2.7 கோடி நுழைவு. அது தலை எண்ணிக்கை இல்லை, வாசலைத் தாண்டிய எண்ணிக்கை. சிகாகோக்காரர் பத்து முறை போனால் பத்து. அப்படிப் பார்த்தாலும் சின்னக் கூட்டம் இல்லை. அக்டோபர் 9 அன்று ஒரே நாளில் 7 லட்சத்துக்கு மேல்.

பழையபேப்பர் அண்ணா, உங்கள் கட்சிக்கு அப்புறம் வருகிறேன். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

---

மணல்மேடு

ஓட்டையை நான் காட்டுகிறேன். நகரமைப்புத் துறையில் வேலை செய்கிறேன், இந்தக் கண்காட்சியைத் தாண்டாமல் எங்கள் பாடமே நகராது.

சாந்து எரிந்தது சரி. ஆனால் வந்தவர்கள் வீட்டுக்கு எதை எடுத்துப் போனார்கள்? 1893 சிகாகோவை நினைத்துப் பாருங்கள். நிலக்கரிப் புகை, கசாப்புக் கூட நாற்றம், சாக்கடை, தெருவில் குதிரைச் சாணம். அங்கே வாழ்ந்தவன் உள்ளே நுழைந்ததும் சுத்தமான நடைபாதை, குடிநீர், கழிப்பறை, குப்பை அள்ள ஆள், ராத்திரியில் மின் விளக்கு, நடுக் குளத்தைச் சுற்றிய கட்டடங்களுக்கு ஒரே விளிம்பு மட்டம். நகரத்தைத் திட்டம் போட்டுக் கட்ட முடியும் என்பதையே அவன் அன்றுதான் கண்ணால் பார்த்தான்.

வாஷிங்டனைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நீளமான புல்வெளி, இரு பக்கமும் வெள்ளைத் தூண் கட்டடங்கள், கோடியில் லிங்கன். 1901-ல் அந்தப் புல்வெளிக்குக் குறுக்கே ரயில் நிலையம் இருந்தது! செனட் போட்ட குழுவில் நாலு பேர்: பர்ன்ஹாம், ஓல்ம்ஸ்டெட்டின் மகன், கட்டடக் கலைஞர் மெக்கிம், சிற்பி செயின்ட்-காடன்ஸ். நால்வருக்கும் சிகாகோக் கண்காட்சித் தொடர்பு உண்டு, மகனுக்கு அது அப்பா வழியாக. 1902 திட்டத்தில் ரயில் நிலையத்தைத் தூக்கினார்கள், புது நிலையத்தைப் பர்ன்ஹாமே கட்டினார். லிங்கன் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் பிரெஞ்சுதான் சிகாகோக் குளத்து நடுவில் 65 அடி 'குடியரசு' சிலை செய்தவர். சாந்து நகரத்தைக் கல்லில் திரும்பக் கட்டினார்கள் என்றுதான் நான் சொல்வேன். "எதுவும் நிற்கவில்லை" என்பது எப்படி?

பிலிப்பைன்ஸ் அமெரிக்கர்கள் கைக்கு வந்த பிறகு 1905-ல் மணிலாவுக்கும் பாகியோ மலை நகரத்துக்கும் திட்டம் போட்டவரும் இதே பர்ன்ஹாம். பாகியோ நடுவில் இன்றும் பர்ன்ஹாம் பூங்கா இருக்கிறது.

---

பழையபேப்பர்

வாஷிங்டன் விஷயத்தில் அடி பலமாக விழுந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை நல்ல பாதிப்பு என்று எல்லாரும் சொல்லவில்லையே. லூயி சல்லிவன், சிகாகோவின் சொந்தக் கட்டடக் கலைஞர், உயரக் கட்டடத்துக்குப் புது அழகு கொடுத்தவர். கண்காட்சியில் அவர் கட்டிய போக்குவரத்து மண்டபம் மட்டும்தான் வெள்ளையடிக்காமல் பல வண்ணத்தில், தங்க வாசலோடு நின்றது. இந்தக் கண்காட்சி செய்த கேடு அரை நூற்றாண்டாவது நீடிக்கும் என்று பிற்காலத்தில் எழுதி வைத்தார். சொந்தமாக ஒன்று முளைத்துவந்த நேரத்தில் ரோமாபுரி வேஷம் போட்டுக் கெடுத்தார்கள் என்பது அவர் வயிற்றெரிச்சல்.

---

மணல்மேடு

சல்லிவனுக்கு வேலை குறைந்துபோன காலத்துக் கசப்பும் அதில் கலந்திருக்கிறது. அவரிடம் வரைவாளராக இருந்த பிராங்க் லாய்ட் ரைட்டைப் பாருங்கள். அதே கண்காட்சியில் தீவுத் தோப்புக்குள் ஜப்பான் அரசு கட்டிய ஹோ-ஓ-டென் மர மண்டபம் இருந்தது. சாய்ந்த அகலக் கூரை, நகர்த்தும் தடுப்புகள், உள்ளும் வெளியும் கலந்த அறைகள். ரைட்டின் வீடுகளில் பிற்பாடு வந்த நீண்ட கூரைத் தாழ்வாரத்துக்கு அதையும் ஒரு வித்தாகச் சொல்வார்கள். ரோமாபுரிக்கு நடுவிலேயே மாற்று மருந்தும் நட்டு வைத்திருந்தார்கள்.

---

திருவல்லிக்கேணிவாசி

இத்தனை பேர் பேசியும் விவேகானந்தர் பெயர் வரவில்லை. தமிழ்நாட்டில் நூறு பேரிடம் சிகாகோ என்று சொன்னால் தொண்ணூறு பேர் அவரைத்தானே சொல்வார்கள்?

அந்தக் கண்காட்சியின் பகுதியாக நடந்ததுதான் சர்வ சமய மாநாடு. 1893 செப்டம்பர் 11 முதல் 27 வரை. சுவாமியை அனுப்ப வேண்டும் என்று தெருத் தெருவாகப் போய் வீட்டுக்கு வீடு பணம் பிரித்தவர் எங்கள் அளசிங்கப் பெருமாள், பள்ளிக்கூட ஆசிரியர். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி, போய்த்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். சமஸ்தானம் ஒரு பக்கம், திருவல்லிக்கேணி குமாஸ்தாக்களின் எட்டணா ஒரு ரூபாய் ஒரு பக்கம்.

ஜூலைக் கடைசியில் சிகாகோ போய் இறங்கினால் மாநாடு செப்டம்பரில்தான். அறிமுகக் கடிதம் இல்லாதவர்களைப் பிரதிநிதியாகச் சேர்க்க மாட்டார்களாம். கையிருப்பு கரைகிறது. செலவு குறைவு என்று பாஸ்டன் பக்கம் போகிறார். அங்கே ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் கடிதம் கொடுக்கிறார். திரும்பி வந்தால் முகவரித் தாள் தொலைந்துவிட்டது. ரயில் சரக்கு முனையத்தில் ஒரு பெட்டிக்குள் படுத்து எழுந்து, மறுநாள் வீதியில் உட்கார்ந்திருந்தவரை எதிர்வீட்டு ஹேல் அம்மாள் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனார். அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

1897 ஜனவரியில் பாம்பன் குந்துகாலில் வந்து இறங்கியபோது சேதுபதியே எதிர்கொண்டார். சென்னையில் ஒன்பது நாள் தங்கிய இடம் கடற்கரை ஐஸ் ஹவுஸ், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம். அமெரிக்கா போய்வந்தவர் அமெரிக்கப் பனிக்கட்டிக் கிடங்கில் தங்கினார், பார்த்தீர்களா!

---

ஏரிக்காற்று

சிகாகோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் "விவேகானந்தர் பேசின இடம்" கேட்பார்கள், நான் ஜாக்சன் பூங்காவுக்குக் கூட்டிப் போவேன் என்று எதிர்பார்ப்பார்கள். மாநாடு அங்கே நடக்கவில்லை. கண்காட்சி நகருக்குத் தெற்கே ஏழெட்டு மைல் தள்ளி. மாநாடு நகர மையத்தில், மிச்சிகன் அவென்யூவில், இன்று கலை நிறுவன அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தில். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கம் நிற்கும். அந்தச் சாலைத் துண்டுக்கு சுவாமியின் பெயரைக் கௌரவப் பெயராக வைத்திருக்கிறார்கள். 2010-ல் ஜிதிஷ் கல்லாட் என்ற மும்பை ஓவியர் அந்தக் கட்டடத்தின் பெரிய மாடிப்படிகளில் சுவாமியின் உரை முழுவதையும் விளக்கெழுத்தாக ஓடவிட்டார். பயங்கரவாத எச்சரிக்கைக்கு அமெரிக்க அரசு வைத்திருந்த ஐந்து நிறங்களில். சுவாமி பேசிய நாள், 2001 தாக்குதல் நடந்த நாள், இரண்டுமே செப்டம்பர் 11.

ஜாக்சன் பூங்காவில் இப்போது என்ன இருக்கிறது என்றால், கலை அரண்மனை மட்டும் நிற்கிறது. ஓவியங்களுக்குக் காப்பீடு வேண்டியிருந்ததால் அதை மட்டும் சாந்துக்கு அடியில் செங்கல் வைத்துக் கட்டினார்கள். இப்போது அறிவியல் தொழில் அருங்காட்சியகம். 'குடியரசு' சிலைக்கு 24 அடியில் பொன் முலாம் பூசிய சின்ன நகல் இருக்கிறது. ஜப்பான் மண்டபம் 1946-ல் எரிந்துவிட்டது, தோட்டம் இருக்கிறது. மிட்வே இருந்த இடம் வெறும் புல்வெளி, பல்கலைக்கழகத்தை ஒட்டி. குளிர்காலத்தில் பிள்ளைகள் பனிச்சறுக்கு ஆடுவார்கள். நகரக் கொடியில் நாலு நட்சத்திரம், அதில் ஒன்று இந்தக் கண்காட்சிக்கு.

---

பழையபேப்பர்

வாசி ஐயா, மாநாடு என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது! நடத்தியவர் ஜான் பாரோஸ், பிரெஸ்பிடேரியன் போதகர். எல்லாச் சமயங்களையும் மேடையேற்றினால் கடைசியில் கிறிஸ்தவம்தான் நிறைவானது என்று விளங்கும் என்ற நம்பிக்கையோடு கூட்டியவர். நடந்தது என்ன? வெளியூரிலிருந்து வந்தவர்கள் மேடையை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் வேதாந்த சங்கம் 1894-லேயே நியூயார்க்கில் வந்துவிட்டது. ஜப்பானிலிருந்து ஜென் குரு ஷாகு சோயென் வந்தார். அவருடைய சீடர் சுசூகிதான் பிற்பாடு ஆங்கிலத்தில் ஜென்னைக் கொண்டுபோனவர்.

---

வடமராட்சி

கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இதுக்குள்ள நானும் ஒண்டு சொல்லவேணும்.

அந்த மாநாட்டிலை இலங்கையிலயிருந்து போன அநகாரிக தர்மபாலவும் கதைச்சவர். அப்ப அவருக்கு இருபத்தொன்பது வயசு. மாநாடு முடிஞ்ச கையோட சிகாகோவிலயே சார்ல்ஸ் ஸ்ட்ராஸ் எண்ட நியூயார்க் வியாபாரி அவரிட்டைப் பஞ்சசீலம் எடுத்தவர். அமெரிக்க மண்ணிலை பௌத்தத்துக்கு மாறின முதல் ஆள் எண்டு அவரைத்தான் சொல்லுவினம்.

சுவாமி திரும்பி வரேக்கை முதல் இறங்கினது கொழும்பிலை, 1897 ஜனவரி 15. பிறகு கண்டி, அனுராதபுரம் எல்லாம் போய் யாழ்ப்பாணத்துக்கும் வந்தவர். யாழ் இந்துக் கல்லூரியிலை பேசினதை எங்கட பெரியாக்கள் இப்பவும் சொல்லுவினம். பாம்பன் அதுக்குப் பிறகுதான் வாசி அண்ணை.

ஆனா நான் சொல்ல வந்தது வேறை. கண்காட்சியிலை இலங்கைக்கு எண்டு தனி மண்டபம் இருந்தது, 'சிலோன் கோர்ட்'. முழுக்க முழுக்க இலங்கை மரத்திலை, கண்டிப் பக்கத்துக் கோயில் சாயலிலை செதுக்கிக் கப்பலிலை அனுப்பினது. உள்ளுக்கை தேத்தண்ணி. கோப்பி நோய் வந்து அழிஞ்சு போய், தோட்டமெல்லாம் தேயிலைக்கு மாறி இருபது வருசம்கூட ஆகேல்லை. அமெரிக்கனுக்கு விக்கவேணும், அதுக்குத்தான் இவ்வளவு செதுக்கலும். கண்காட்சி முடிய அந்த மண்டபத்தை ஒரு பணக்காரர் வாங்கி, கழட்டி, விஸ்கான்சினிலை லேக் ஜெனீவா ஏரிக்கரையிலை கோடைகால வீடாப் பூட்டினவர்.

அந்தத் தேயிலையைக் கிள்ளினது ஆர்? திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்திலயிருந்து போன சனம். மண்டபத்திலை யானையும் அன்னமும் செதுக்கியிருந்தது, அந்தச் சனத்தின்ரை முகம் ஒண்டும் செதுக்கினதா நான் எங்கயும் வாசிக்கேல்லை. மிட்வேயிலை ஆக்களை வைச்சுக் காட்டினதைப் பற்றிக் கதைக்கிறம், இஞ்சை ஆக்களைக் காட்டாமலே அவையின்ரை வேர்வையை வித்தது.

---

நூலகப்பூனை

வடமராட்சி சொன்னதற்குப் பிறகு நான் ஓட்டை என்று சொன்னதைச் சொல்லிவிடலாம். அண்ணா, உங்கள் கட்சியில் மிட்வே ஏதோ சுதந்திரமான திருவிழா மாதிரி வந்துவிட்டது. அது அவ்வளவு கள்ளமில்லாத இடம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்க டஹோமியிலிருந்து, பசிபிக் தீவான சமோவாவிலிருந்து, ஜாவாவிலிருந்து மனிதர்களைக் கொண்டுவந்து குடிசை போட்டு உட்கார வைத்து டிக்கெட் விற்றார்கள். கனடாவின் லாப்ரடாரிலிருந்து வந்த, பனிப் பிரதேசத்து இனுயிட் குடும்பங்கள், சிகாகோ வெயிலில் உரோமத் தோல் உடை போடச் சொன்னதால் நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டு, ஒரு பகுதியினர் வெளியேறி கண்காட்சிக்கு வெளியே தாங்களே காட்சி நடத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்த மிட்வேக்காரர்கள் அவர்கள்தான்.

வெள்ளை நகரத்தின் வெள்ளையும் வெறும் சுண்ணாம்பு இல்லை. அடிமை முறை ஒழிந்து 28 வருடம் ஆகியிருந்தது. கறுப்பின மக்களுக்குத் திட்டமிடும் குழுவில் சொல்லத்தக்க இடம் இல்லை, தங்களுக்கான அரங்கும் இல்லை. ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் பணம் திரட்டி ஒரு துண்டுநூல் அச்சடித்தார். கொலம்பியக் கண்காட்சியில் கறுப்பு அமெரிக்கர் ஏன் இல்லை என்பதற்கான காரணம், அதுதான் தலைப்பே. அவரோடு எழுதியவர்களில் பிரெடெரிக் டக்ளஸும் ஒருவர். அடிமையாகப் பிறந்து நாடறிந்த பேச்சாளரான அந்தக் கிழவருக்குக் கண்காட்சியில் உட்கார ஒரு நாற்காலி எங்கே கிடைத்தது தெரியுமா? ஹெய்ட்டி நாட்டு மண்டபத்தில். முன்பு அமெரிக்கத் தூதராக அங்கே இருந்தவர் என்பதால் ஹெய்ட்டி அரசு அவரைப் பிரதிநிதியாக வைத்தது. சொந்த நாட்டுக் கண்காட்சியில் அயல்நாட்டு மண்டபத்தில் உட்கார்ந்துதான் அந்தத் துண்டுநூலை விநியோகித்தார்கள்.

அதே கண்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு மட்டும் பெரிய கூட்டம். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன், தலையில் துணி கட்டி, சிரித்துக்கொண்டே தோசை மாதிரி பேன்கேக் சுட்டுக் கொடுத்தார். 'ஆன்ட் ஜெமைமா' மாவுப் பொட்டலத்துக்கு விளம்பரம். அந்தப் பெயரும் படமும் கடை அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது 2021-ல். 128 வருடம். அண்ணா கேட்ட "எது நின்றது" என்ற கேள்விக்கு இதையும் பட்டியலில் போடுங்கள். இது மிட்வேயில் விற்றதும் இல்லை, யாரும் கூச்சப்பட்டதும் இல்லை.

பெண்கள் மண்டபத்தை வடிவமைத்த சோபியா ஹெய்டனைப் பற்றியும் ஒரு வரி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை முடித்த முதல் பெண். 22 வயதில் போட்டியில் ஜெயித்தார். ஆண்களுக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான் சம்பளம். அதற்குப் பிறகு அவர் பெரிய கட்டடம் எதுவும் கட்டவில்லை.

---

பழையபேப்பர்

பூனை அக்கா, பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். "கூச்சப்பட்டது நின்றது" என்று நான் எழுதியது, திரும்பப் படித்தால், பேச்சுப் போட்டி வாக்கியம் மாதிரி இருக்கிறது. ஆன்ட் ஜெமைமா அதை உடைத்துவிட்டது. வாஷிங்டன் இன்னொரு பக்கம். சரி, கட்சியைச் சுருக்குகிறேன்: எது நிற்கும் என்பதை நடத்தியவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. அவ்வளவுதான் மிச்சம்.

மிட்வேயின் கள்ளத்துக்கு இன்னொரு சாட்சி நானே தருகிறேன். பாம்பாட்டி வந்தால் அமெரிக்கக் கார்ட்டூனில் ஒரு மெட்டு வருமே, தெரியும்தானே? இந்தியா, எகிப்து, அரேபியா எது வந்தாலும் அதே மெட்டு. மிட்வேயை நடத்திய சால் புளூம் என்ற 23 வயது இளைஞர், வயிற்று நடனத்தைப் பத்திரிகையாளர்களுக்கு முன்னோட்டம் காட்டும்போது பியானோவில் தானே சும்மா தட்டியது என்று பிற்காலத்தில் எழுதினார். உரிமை வாங்கி வைக்காமல் விட்டேனே என்று புலம்பலும் உண்டு. மெட்டின் சாயல் அதற்கு முன்பே இருந்தது என்பார்கள், ஆனால் அதை அமெரிக்கா பூரா ஒட்ட வைத்தது மிட்வேதான். நூற்றி முப்பது வருடமாக நம்மை எல்லாம் ஒரே பாம்புக்கூடைக்குள் போட்டு வைத்திருக்கிறது. இதே புளூம் பிற்பாடு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராகி, 1945-ல் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்!

இதற்கு நேர் எதிராக, அதே மிட்வேயில் பெஞ்சமின் கில்மன் என்பவர் மெழுகு உருளைகளில் ஜாவா, சமோவா, துருக்கிப் பாட்டுகளைப் பதிவு செய்தார். நூறு உருளைக்கு மேல். ஜாவாக்காரர்கள் வாசித்த கமெலான் வாத்தியங்கள் இன்றும் சிகாகோ பீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த அருங்காட்சியகமே கண்காட்சிச் சாமான்களை வைக்கப் பிறந்ததுதான்.

---

இரவுவாசகன்

கரண்ட் விஷயம் யாராவது சொல்லுங்க. டெஸ்லா எடிசனை ஜெயித்தது இங்கேதானே?

---

இரும்புவேலை

டெஸ்லாவும் எடிசனும் நேருக்கு நேரா மல்லுக்கு நின்ன மாதிரி சினிமா ஆக்கிட்டாங்க தம்பி. கண்காட்சிக்கு விளக்குப் போடற ஏலத்துல நின்னது வெஸ்டிங்ஹவுஸ், ஜெனரல் எலெக்ட்ரிக்னு ரெண்டு கம்பெனிங்க. எடிசன் கம்பெனி அதுக்குள்ள ஜெனரல் எலெக்ட்ரிக்ல கரைஞ்சாச்சு. வெஸ்டிங்ஹவுஸ் ரொம்பக் குறைச்ச விலைக்கு எடுத்துச்சு. ஆனா எடிசன் பல்பு காப்புரிமையில மாட்டிக்கிச்சு. அதுக்காக ரெண்டு துண்டா, பாட்டிலுக்குக் கார்க் அடைச்ச மாதிரி ஒரு பல்பை அவசரமா செஞ்சாங்க. டெஸ்லாவோட மாறுதிசை (ஏ.சி.) மின்சாரத்துல கண்காட்சி விளக்கெல்லாம் ஜொலிச்சுது. அதே வருசம் அக்டோபர்ல நயாகரா மின்நிலைய வேலை வெஸ்டிங்ஹவுஸுக்குப் போச்சு. கண்காட்சி இல்லாட்டியும் மாறுதிசைதான் ஜெயிச்சிருக்குமுங்க, தூரத்துக்குக் கொண்டுபோக வேற வழி இல்லை. ஆனா சனம் பயம் தெளிஞ்சது இங்கதான்.

நான் கேக்க வந்தது வேற. பெரிஸ்தான் ராட்டினத்தைக் கண்டுபிடிச்சாருன்னு பாதிப் பேரு எழுதறாங்க. எங்க ஊர் மாரியம்மன் நோம்பியில மரத்துல தொட்டில் ராட்டினம் போடுவாங்க, நாலு தொட்டில், ரெண்டு ஆளு கையில தள்ளுவான். எங்க தாத்தன் காலத்துலயே உண்டுங்க. 1600-கள்லயே துருக்கிப் பக்கம் பெரிய ராட்டினத்துல ஏறினதா அய்ரோப்பியப் பயணிங்க எழுதி வெச்சிருக்காங்க. ஏன், 1892-லயே சோமர்ஸ்னு ஒருத்தரு அமெரிக்கக் கடற்கரையில 50 அடி மர ராட்டினம் ஓட்டியிருக்காரு. பெரிஸ் மேல கேசும் போட்டாரு, நிக்கல. பெரிஸ் செஞ்சது என்னன்னா, தொட்டிலைப் பாலமாக்கினது. இன்னிக்கு லண்டன்ல நிக்கறதும் கம்பி இழுத்துப் பிடிக்கற அதே கணக்குத்தான். வியன்னாவுல 1897-ல வெச்சது இன்னும் சுத்துது.

---

நூலகப்பூனை

ஆனால் பெயர் அவருடையதாகிவிட்டது. ஆங்கிலத்தில் இன்றும் அவர் பேரைச் சொல்லித்தான் ராட்டினத்தைக் கூப்பிடுகிறார்கள். நாம் தப்பித்தோம், ஜெயின்ட் வீல் என்று கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டோம்.

மனிதருக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. லாபப் பங்குக்காகக் கண்காட்சி நிர்வாகத்தோடு வழக்கு, கடன், 1896-ல் டைபாய்டு. வயது 37.

---

பழையபேப்பர்

என்னிடம் இந்தக் கண்காட்சியின் சொத்து ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் முதல் நினைவுத் தபால்தலை வரிசை இதற்காக வெளியிட்டதுதான், ஒரு சென்ட் முதல் ஐந்து டாலர் வரை 16 தலைகள். என்னிடம் இருப்பது இரண்டு சென்ட் தலை. நூறு கோடிக்கு மேல் அச்சடித்ததால் இன்றைக்கும் மலிவு. இதில் ஒரு வேடிக்கை. ஒரு சென்ட் தலையில் கொலம்பஸ் கப்பலிலிருந்து கரையைப் பார்க்கிறார், முகம் மழமழவென்று. இரண்டு சென்ட் தலையில் கரை இறங்குகிறார், முகம் நிறையத் தாடி! கரையைப் பார்த்ததற்கும் இறங்கியதற்கும் நடுவில் ஒரு ராத்திரிதான். அன்றைக்கே பத்திரிகைகள் கிண்டலடித்திருக்கின்றன.

---

வடமராட்சி

தாடி நல்ல பகிடி அண்ணை. ஏரிக்காற்று, லேக் ஜெனீவா உங்களுக்குக் கிட்டத்தானே? அந்த சிலோன் கோர்ட் வீடு இப்ப இருக்குதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களே?

---

ஏரிக்காற்று

ஒன்றரை மணி நேர ஓட்டம்தான். ஆனால் வீடு இல்லை, 1950-களில் இடித்துவிட்டார்கள். ஏரியைச் சுற்றிக் கரையோரமாகப் பொதுநடைபாதை இருக்கிறது, அந்த இடத்தின் வழியாக ஒருமுறை நடந்திருக்கிறேன், தெரியாமலே. அடுத்த மாதம் அம்மா வருகிறார், கூட்டிக்கொண்டு போகிறேன். பிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு.

---

இரவுவாசகன்

இரும்பு ஐயா, கடைசியா ஒரு கேள்வி. அந்த ராட்டினம் என்ன ஆச்சு?

---

இரும்புவேலை

பிரிச்சு, சிகாகோவுலயே வேற இடத்துல 1895-ல நிறுத்தினாங்க, போணியாகலை. 1904-ல செயின்ட் லூயி கண்காட்சிக்குக் கொண்டுபோயி ஓட்டினாங்க. 1906-ல வெடி வெச்சு சாய்ச்சு பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. அச்சு மட்டும் அந்தப் பூங்காவுலயே எங்கயோ புதைஞ்சு கிடக்குதுன்னு அந்த ஊர்ல ஒரு பேச்சு உண்டு.

எனக்கு நம்பிக்கை இல்லீங்க. 40 டன் நல்ல எஃகு. எங்க ஊரு பழைய இரும்புக் கடைக்காரரா இருந்தா, புதைக்க விட்டிருப்பாருங்களா?